கித்தாரை மீட்டினால் வயலின் ஒலிக்குமா? மிடி கருவி வாங்கும் முன் ஒரு கணக்கு

ஆசிரியர் தினத்திற்கு ஒரு பாட்டு எழுதிவிட்டீர்கள். மெட்டும் தயார். வீட்டில் கித்தார் இருக்கிறது, மடிக்கணினியும் இருக்கிறது. பதிவு செய்ய உட்காரும்போதுதான் சிக்கல் தெரிகிறது. பின்னணியில் வயலின் வேண்டும், இடையில் புல்லாங்குழல் ஒரு வரி வேண்டும், அடியில் பேஸ் வேண்டும். இந்த ஒலிகள் எல்லாம் கணினி மென்பொருளிலேயே கிடைக்கின்றன. ஆனால் அவற்றை வாசிக்கக் கீபோர்டு தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்தது கித்தார் மட்டும்.

இப்படித் தேடும்போதுதான் 'மிடி கித்தார்' என்ற பெயர் கண்ணில் படும். இணையக் கடைகளைப் பார்த்தால் விலை சில நூறு ரிங்கிட்டில் தொடங்கிப் பல ஆயிரம் ரிங்கிட் வரை போகிறது. எல்லா விளம்பரங்களும் ஒரே வாக்குறுதியைத் தருகின்றன: கித்தாரை மீட்டுங்கள், எந்தக் கருவியின் ஒலியும் கேட்கும். அப்படியானால் ஏன் இவ்வளவு விலை வேறுபாடு? வாங்கிய பலர் "மீட்டிய பிறகு ஒலி தாமதமாக வருகிறது" என்று ஏன் குறைப்படுகிறார்கள்? பெற்றோரிடம் பணம் கேட்பதற்கு முன் உங்கள் படிவம் 4 இயற்பியல் நூலில் அலைகள் பாடத்தைத் திறந்து வையுங்கள். விடையில் பாதி அங்கே இருக்கிறது.

மிடி என்பது ஒலி அல்ல

மாமாக் கடையில் "ஒரு தே தாரிக், சீனி குறைவு" என்று சொல்கிறீர்கள். பணியாளர் அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே கொடுக்கிறார். அந்தத் தாளில் தேநீர் இல்லை; என்ன தயாரிக்க வேண்டும் என்ற தகவல் மட்டும் இருக்கிறது. மிடியும் அந்தத் தாளைப் போன்றதுதான். எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தமாக, எப்போது தொடங்கி எப்போது நிற்க வேண்டும் என்பதை எண்களாகச் சொல்கிறது. ஒலியை உருவாக்குவது அந்த எண்களைப் படிக்கும் கருவியோ மென்பொருளோதான். அதனால்தான் ஒரே மிடிப் பதிவை இன்று பியானோவாகவும் நாளை வீணையாகவும் ஒலிக்க வைக்கலாம்.

இந்த முறைக்கு வித்திட்டவர்கள் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த இக்குத்தாரோ காக்கேஹாஷியும். 1983 ஜனவரியில், கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இரண்டு போட்டி நிறுவனங்களின் கீபோர்டுகளை ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தபோது மற்றொன்றும் ஒலித்தது. அதற்கு முன் ஒரு நிறுவனத்தின் கருவி இன்னொன்றோடு பேசுவது அரிது. இந்தப் பணிக்காக 2013இல் இருவருக்கும் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது கிடைத்தது.

மிடியில் சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண் உண்டு. பியானோவின் நடு 'சி' 60. கித்தாரின் ஆறு தந்திகளையும் வெறுமனே மீட்டினால், தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை 40, 45, 50, 55, 59, 64. கூடுதல் கணிதம் எடுக்கும் மாணவர்கள் இதைத் தாங்களே சரிபார்க்கலாம். ஒரு சுரத்தின் அதிர்வெண்ணை 440ஆல் வகுத்து, 2ஐ அடியாகக் கொண்டு மடக்கை எடுத்து, 12ஆல் பெருக்கி, 69ஐக் கூட்டினால் மிடி எண் வரும். தடித்த 'இ' தந்தியின் அதிர்வெண் 82.4 ஹெர்ட்ஸ். போட்டுப் பாருங்கள், 40 வரும்.

பாட்டை ஒலியாகச் சேமித்தால், குறுவட்டுத் தரத்தில் 3 நிமிடத்திற்கு ஏறத்தாழ 32 மெகாபைட் ஆகும். அதே பாட்டின் மிடிக் கோப்பு பெரும்பாலும் சில பத்து கிலோபைட்டுகளில் அடங்கிவிடும். துண்டுத்தாளுக்கும் தேநீர்க் குவளைக்கும் உள்ள வேறுபாடு அது.

கீபோர்டுக்கு எளிது, கித்தாருக்கு ஏன் கடினம்?

கீபோர்டில் ஒவ்வொரு கட்டையும் ஒரு சுவிட்சு. அழுத்தியவுடன் "60ஆம் சுரம், இவ்வளவு வேகம்" என்று செய்தி போய்விடும். பழைய மிடிக் கம்பியில்கூட அந்தச் செய்தி போய்ச் சேர 1 மில்லி விநாடிதான் ஆகும்.

கித்தாரில் சுவிட்சு இல்லை. ஆடுகிற ஒரு தந்திதான் இருக்கிறது. எந்தச் சுரம் வாசிக்கப்பட்டது என்பதை அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் கருவி கண்டுபிடிக்க வேண்டும். தந்தி ஒருமுறை முழுமையாக ஆடி முடிக்கும் நேரத்தை அளந்தால் அதிர்வெண் தெரியும். அதிர்வெண் தெரிந்தால் சுரம் தெரியும். ஆனால் ஒருமுறை ஆடி முடிக்கும் வரை காத்திருந்துதானே ஆக வேண்டும்?

அலைவு நேரம் என்பது 1ஐ அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைப்பது. மெல்லிய 'இ' தந்தி 329.6 ஹெர்ட்ஸ், அதன் ஒரு அலைவு 3 மில்லி விநாடி. 'ஏ' தந்தி 110 ஹெர்ட்ஸ், ஒரு அலைவு 9 மில்லி விநாடி. தடித்த 'இ' தந்திக்கு 12 மில்லி விநாடி. இதில் இன்னொரு தொல்லை உண்டு. தந்தியை மீட்டிய கணத்தில் எழுவது சுத்தமான அலை அல்ல. பிளெக்ட்ரம் உரசும் இரைச்சலும் அதில் கலந்திருக்கும். ஆகவே ஓர் அலைவை மட்டும் நம்பி முடிவு சொல்வது ஆபத்து. இரண்டு அலைவுகள் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றால், தடித்த தந்திக்கு 24 மில்லி விநாடி ஆகிவிடும்.

இது பெரிய தாமதமா? ஒலி காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. 24 மில்லி விநாடியில் அது 8 மீட்டர் கடக்கும். அதாவது உங்கள் ஒலிபெருக்கி வகுப்பறையின் மறுகோடியில் இருப்பது போன்ற உணர்வு. கேட்பவருக்கு இது தெரியாது. வாசிக்கும் விரலுக்குத் தெரியும். 10 மில்லி விநாடியைத் தாண்டும்போதே பல இசைக்கலைஞர்கள் ஏதோ 'ஒட்டுகிறது' என்பார்கள்.

விளம்பரங்கள் மழுப்பும் உண்மை இதுதான்: கணினி எவ்வளவு வேகமாக இருந்தாலும் தந்தி ஆடும் வேகத்தை அதனால் கூட்ட முடியாது. தடித்த 'இ' தந்தியில் வெறும் தந்திச் சுரத்தின் அலைவு 12.1 மில்லி விநாடி. அதற்கு அடுத்த ஃபிரெட்டில் உள்ள 'எஃப்' சுரத்தின் அலைவு 11.5 மில்லி விநாடி. இரண்டுக்கும் வேறுபாடு ஒரு மில்லி விநாடிகூட இல்லை. அலைவு முடியும் முன்பே எது எது என்று சொல்லச் சொன்னால், ஓட்டப்பந்தயத்தில் பாதி வழியிலேயே யாருக்கு எத்தனை விநாடி என்று கேட்பதைப் போலத்தான். நல்ல மென்பொருள் அலையின் தொடக்க வடிவத்திலிருந்து சாமர்த்தியமாக ஊகிக்கும். ஊகம் சில சமயம் தவறும்.

இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கத் தந்தியின் ஆட்டத்தையே நம்பாத கருவிகளையும் பொறியாளர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். 1980களில் இங்கிலாந்தில் உருவான சிந்தாக்ஸ் என்ற கருவியில் இடக்கைக்கு ஒரு தொகுதித் தந்திகள், வலக்கைக்கு வேறொரு தொகுதி. தந்தி ஃபிரெட்டைத் தொடும்போது மின்சுற்று மூடும். அதை வைத்தே சுரம் தெரிந்துவிடும். ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் போன்ற மேதைகள் அதை வாசித்தார்கள். விலையோ மிக அதிகம், அது பரவவில்லை. 2010இல் ராக் பேண்ட் 3 என்ற வீடியோ விளையாட்டுக்காக வந்த கித்தாரில் 17 ஃபிரெட்டுகளில் 6 வரிசையாக மொத்தம் 102 பொத்தான்கள் இருந்தன. பொத்தான் என்றால் சுவிட்சு, சுவிட்சு என்றால் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பொத்தானை வளைத்து இழுக்க முடியாது. தந்தியை இழுத்து வாசிக்கும் இன்பம் அங்கே போய்விடுகிறது.

இன்று உங்கள் முன் உள்ள வழிகள்

மின்கித்தாரின் பிக்கப் என்பது காந்தமும் கம்பிச்சுருளும்தான். எஃகுத் தந்தி ஆடும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. படிவம் 5இல் நீங்கள் படிக்கும் மின்காந்தத் தூண்டல் இது. சாதாரண பிக்கப் ஆறு தந்திகளின் ஒலியையும் ஒரே மின்னலையாகக் கலந்து தருகிறது.

அறுதந்தி பிக்கப் அப்படியல்ல. ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனி உணரி. ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது ஆறு பேருக்கும் தனித்தனி ஒலிவாங்கி வைத்ததுபோல. இதில் இரண்டு குடும்பங்கள் உங்கள் கண்ணில் அதிகம் படும். ஒன்று ரோலண்டின் ஜிகே வரிசை. இன்னொன்று ஃபிஷ்மன் நிறுவனத்தின் டிரிப்பிள்ப்ளே. இரண்டையும் உங்கள் மின்கித்தாரின் பாலத்தருகே பொருத்த வேண்டும். தந்திக்கும் உணரிக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். பொருத்துவதில் பொறுமை இல்லாதவர்களுக்கு இது முதல் தலைவலி.

ஜிகே-3 பழைய பிக்கப்பை வாங்குவோர் விழும் குழி ஒன்று உண்டு. அந்தப் பிக்கப் தானாக மிடி தராது. அதிலிருந்து வருவது ஆறு தந்திகளின் மின்னலைகள் மட்டும். அவை 13 முனைக் கம்பி வழியாக ஒரு தனிப்பெட்டிக்குப் போக வேண்டும்; அங்குதான் மிடியாக மாறும். ஜிஆர்-55, ஜிஐ-20 போன்றவை அத்தகைய பெட்டிகள். 'மலிவு விலையில் ஜிகே-3' என்று யாராவது விற்றால், பெட்டியும் சேர்த்தா என்று முதலில் கேளுங்கள். அண்மையில் வந்த ஜிகே-5 வேறு வகைக் கம்பியைப் பயன்படுத்துகிறது. பழைய பெட்டியுடன் அதை நேரடியாக இணைக்க முடியாது. இடையில் ஒரு மாற்றுக்கருவி தேவை. டிரிப்பிள்ப்ளேயில் இந்தக் குழப்பம் இல்லை. கித்தாரிலிருந்து கம்பியில்லாமல் யூ.எஸ்.பி. வாங்கிக்குத் தகவல் போய், கணினியில் மிடியாகவே சேர்கிறது. வீட்டில் பதிவு செய்ய மட்டும்தான் என்றால், இரண்டில் எனக்கு இதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் விலை ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். ஜாம்ஸ்டிக் போல அறுதந்தி உணரியை உள்ளேயே கட்டிய கித்தார்களும் கிடைக்கின்றன. அவற்றின் விலை இன்னும் அதிகம்.

இன்னொரு செய்தி: காந்தவகைப் பிக்கப்புக்கு எஃகுத் தந்தி வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது நைலான் தந்தி போட்ட கித்தார் என்றால் ஜிகே-3 அதில் எதையும் உணராது. நைலானுக்குப் பாலத்தில் பதிக்கும் அழுத்தமின் உணரிகள் தேவை. நம் நாட்டில் 'கபோக்' என்று எல்லாரும் அழைக்கும் மரக்கித்தாரில் தந்தி எஃகா நைலானா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது வழி மென்பொருள். ஜாம் ஆரிஜின் நிறுவனத்தின் மிடி கித்தார் என்ற மென்பொருள் சாதாரண பிக்கப்பிலிருந்து வரும் கலவை ஒலியையே பிரித்தாய்ந்து சுரங்களைக் கண்டுபிடிக்கிறது. கித்தாரில் எதையும் ஒட்டவோ திருகவோ தேவையில்லை. ஓர் ஆடியோ இண்டர்ஃபேஸ் போதும். கித்தார் ஒலியைக் கணினிக்குள் எண்களாக மாற்றி அனுப்பும் சிறு பெட்டி அது. தொடக்கநிலைப் பெட்டி சில நூறு ரிங்கிட்டில் கிடைக்கும். பணம் கட்டுவதற்கு முன் இம்மென்பொருளை இலவசமாகச் சோதித்தும் பார்க்கலாம்.

கலவையைப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்று பாருங்கள். தடித்த 'இ' தந்தி 82.4 ஹெர்ட்ஸில் ஆடும்போது அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு அதிர்வெண்களும் உடன் எழும். மூன்று மடங்கு 247 ஹெர்ட்ஸ். அது 'பி' தந்தியின் சுரம். நான்கு மடங்கு 329.6 ஹெர்ட்ஸ், அது மெல்லிய 'இ' தந்தியின் சுரம். ஆக, கணினிக்கு 329.6 ஹெர்ட்ஸ் கேட்கிறது என்றால், நீங்கள் மெல்லிய தந்தியை மீட்டினீர்களா, அல்லது தடித்த தந்தியின் எதிரொலிதான் அதுவா? கித்தாரின் சுருதி அமைப்பே இந்த மயக்கத்தைக் கூட்டுகிறது. இவ்வளவுக்கும் இடையில் அந்த மென்பொருள் தனிச்சுரங்களையும் எளிய கார்டுகளையும் பெரும்பாலும் சரியாகப் பிடிக்கிறது என்பது வியப்புக்குரியது. வேகமாக அடிக்கும் ஆறு தந்திக் கார்டுகளில்தான் தடுமாறும்.

மூன்றாவது வழியை விற்பனையாளர்கள் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அதில் விற்க ஒன்றும் இல்லை. கித்தாரை முதலில் சாதாரண ஒலியாகப் பதிவு செய்துவிட்டுப் பிறகு அதை மிடியாக மாற்றுவது. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2022இல் வெளியிட்ட பேசிக் பிட்ச் என்ற கருவி இணைய உலாவியிலேயே இயங்குகிறது, இலவசம். ஒலிக்கோப்பை உள்ளே போட்டால் மிடிக்கோப்பைத் தருகிறது. வாசிக்கும் நேரத்தில் வயலின் ஒலியைக் கேட்க முடியாது என்பதுதான் குறை. ஆனால் தாமதம் என்ற பிரச்சினையே இங்கே எழுவதில்லை. கருவி நிதானமாக முழு அலையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அவசரம் யாருக்கும் இல்லை.

தாமதம் கணினிக்குள்ளும் ஒளிந்திருக்கிறது

அறுதந்தி பிக்கப் வாங்கியும் தாமதம் குறையவில்லை என்றால், குற்றவாளி பெரும்பாலும் 'பஃபர்' என்ற அமைப்பு. கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக அல்ல, வாளி வாளியாகக் கையாளும். விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்று வைத்துக்கொண்டால், 128 மாதிரி கொள்ளும் வாளி நிரம்ப 2.9 மில்லி விநாடி. 1,024 மாதிரி வாளி நிரம்ப 23 மில்லி விநாடி. மென்பொருள் வழியில் ஒலி உள்ளே வர ஒரு வாளி, வெளியே போக ஒரு வாளி. ஆகவே 1,024இல் வைத்திருந்தால் தந்தியின் தாமதம் போக, மேலும் 46 மில்லி விநாடி உங்கள் கணினியே சேர்க்கிறது. வாசிக்கும்போது 128க்குக் குறையுங்கள். ஒலி வெடித்தால் 256க்கு ஏற்றுங்கள். வாசித்து முடித்துக் கலவை செய்யும்போது 1,024 இருந்தாலும் பாதகமில்லை. விண்டோஸ் கணினியில் உங்கள் ஆடியோ இண்டர்ஃபேஸின் 'ஆசியோ' இயக்கியை நிறுவாமல் வாசித்தால் இந்த எண்களுக்குப் பொருளே இருக்காது.

இன்னொன்று: புளூடூத் காதொலிப்பான் வேண்டாம். அது மட்டுமே நூறு மில்லி விநாடிக்கும் மேல் தாமதம் சேர்க்கக்கூடும். பல ஆயிரம் ரிங்கிட் கருவியைக் குறை சொல்லும் சிலர் காதில் மாட்டியிருப்பது கம்பியில்லாக் காதொலிப்பான்தான். பத்து ரிங்கிட் கம்பிக் காதொலிப்பான் இந்த விஷயத்தில் வென்றுவிடும்.

ஆடியோ இண்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' என்று குறித்த பொத்தான் இருந்தால் கித்தாருக்காக அதை அழுத்துங்கள். கித்தார் பிக்கப்பின் மின்னலை மென்மையானது. ஏறக்குறைய ஒரு மெகா ஓம் மின்மறுப்புள்ள நுழைவாயில்தான் அதற்கு ஏற்றது. இல்லாவிட்டால் ஒலி மங்கி, சுரத்தைக் கண்டுபிடிப்பதும் கடினமாகும்.

தந்தியை இழுத்தால் என்ன ஆகும்?

கித்தாரை மிடியாக்க வேண்டும் என்று ஆசைப்படுவதற்கே காரணம் இந்த வளைவுகள்தான். கீபோர்டு கட்டையில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல முடியாது. தந்தியில் முடியும். நம் கர்நாடக இசையின் கமகம் முழுக்க அந்த வழுக்கலில்தான் இருக்கிறது. ஜான் மெக்லாஃப்லின் 2008இல் வெளியிட்ட ஃப்ளோட்டிங் பாயிண்ட் என்ற இசைத்தொகுப்பு, சென்னையில் இந்தியக் கலைஞர்களோடு பதிவு செய்யப்பட்டது. அதில் அவர் கித்தார் சிந்தசைசரையும் பயன்படுத்தினார். இந்தக் கட்டுரையில் படித்ததைக் காதால் அறிய விரும்பினால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

மிடியில் வளைவுக்கு 'பிட்ச் பெண்ட்' என்ற தனிச்செய்தி உண்டு. அதில் 16,384 படிகள். ஆனால் அந்தச் செய்தி ஒரு சுரத்துக்கு அல்ல, ஓர் அலைவரிசை முழுமைக்கும் போகிறது. ஆறு தந்திகளும் ஒரே அலைவரிசையில் இருந்தால், ஒரு தந்தியை இழுக்கும்போது கார்டு முழுவதும் சேர்ந்து வளைந்துவிடும். கேட்கச் சகிக்காது. மிடியில் 16 அலைவரிசைகள் உண்டு. ஆகவே தந்திக்கு ஒன்றாக ஆறு அலைவரிசைகளைப் பிரித்துக் கொடுங்கள். கருவியின் அமைப்பில் இதை 'மோனோ முறை' என்பார்கள். 2018இல் தரப்படுத்தப்பட்ட எம்.பி.இ. என்ற முறையும் இதே கருத்தை வளர்த்ததுதான். நீங்கள் பயன்படுத்தும் ஒலி மென்பொருள் எம்.பி.இ.யை ஏற்குமா என்று பாருங்கள். ஏற்றால் அமைப்பது எளிது.

அடுத்து, வளைவின் எல்லையை இரு பக்கமும் ஒரே எண்ணில் வைக்க வேண்டும். பல மென்பொருள்களில் அது தொடக்கத்தில் இரண்டு அரைச்சுரமாக இருக்கும். கித்தார் பக்கம் 12 அரைச்சுரம் என்று நினைத்து அனுப்பினால், நீங்கள் ஓர் அரைச்சுரம் இழுக்கும்போது மென்பொருள் அதில் ஆறில் ஒரு பங்குதான் வளைக்கும். எல்லாச் சுரமும் அரைகுறையாக, சுருதி விலகிக் கேட்கும். "கருவி பழுது" என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள். இரு பக்கமும் 24 வைத்தாலும் துல்லியம் போய்விடாது. மேலும் கீழுமாக 48 அரைச்சுரத்தை 16,384ஆல் பிரித்தால் ஒரு படி என்பது அரைச்சுரத்தில் ஏறக்குறைய 340இல் ஒரு பங்கு. நம் காதால் பிரித்தறிய முடியாத நுட்பம் அது.

அப்படியானால் எதை வாங்குவது?

பாட்டுக்குப் பேஸும் எளிய பியானோ கார்டுகளும் மட்டும் போதும் என்றால் மிடி கித்தாரே வேண்டாம் என்பேன். 25 கட்டைகள் கொண்ட சிறிய மிடி கீபோர்டு மலிவு. தாமதமும் தவறும் இல்லாதது. இரண்டு விரலால் தட்டிக்கூட வேலையை முடிக்கலாம். கித்தாரின் வளைவும் வழுக்கலும் வேண்டும், விரல் கித்தாரில்தான் சிந்திக்கிறது என்றால் மட்டும் மேலே போங்கள்.

அப்போதும் முதலில் வாங்க வேண்டியது ஆடியோ இண்டர்ஃபேஸ். பாட, கித்தார் பதிவு செய்ய, மிடி மாற்ற, மூன்றுக்கும் அது உதவும். பதிவு மென்பொருளுக்குப் பணம் வேண்டாம். ஆப்பிள் கணினியில் கேரேஜ்பேண்ட் இருக்கிறது. சிங்கப்பூரில் உருவான பேண்ட்லேப் உலாவியிலேயே இலவசமாக இயங்குகிறது. இவற்றோடு பேசிக் பிட்ச்சை வைத்து ஒரு பாட்டை முடித்துப் பாருங்கள். அதன்பின் வாசிக்கும்போதே வயலின் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் எழுந்தால் ஜாம் ஆரிஜினைச் சோதியுங்கள். அதுவும் கார்டுகளில் தடுமாறி உங்களைச் சோதித்தால், அறுதந்தி பிக்கப்புக்குச் சேமிக்கத் தொடங்கலாம். முதல் நாளே அறுதந்தி பிக்கப்பில் இறங்க உங்கள் வயதில் எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை, அண்ணனோ மாமாவோ பரிசாகத் தந்தால் ஒழிய.

எந்த வழியானாலும் வாசிக்கும் முறை சற்று மாற வேண்டும். தந்திகள் புதியவையாக இருக்கட்டும், சுருதி சரியாக இருக்கட்டும். சுருதி விலகிய தந்தி இரண்டு மிடி எண்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கருவியைக் குழப்பும். வாசிக்காத தந்திகளை உள்ளங்கையால் அடக்குங்கள். அவை தாமாக அதிர்ந்து, நீங்கள் வாசிக்காத 'பேய்ச் சுரங்களை' உண்டாக்கும். அப்படியும் சில நுழைந்துவிட்டால் கவலை வேண்டாம். அவை பெரும்பாலும் மிகக் குறுகியவை, வேக எண் குறைந்தவை. திரையில் சின்னஞ்சிறு கோடுகளாகத் தெரியும், தேர்ந்து அழித்துவிடலாம்.

பேஸ் வரியை வாசிக்கத் தடித்த தந்திக்குப் போகாதீர்கள். மெல்லிய தந்திகளில் வாசித்து, மென்பொருளில் இரண்டு எண்மம், அதாவது 24 மிடி எண்கள், கீழே இறக்கிவிடுங்கள். தந்தி வேகமாக ஆடுவதால் கருவி விரைவில் கண்டுபிடிக்கும். கேட்பதோ ஆழமான பேஸ். ஒலியைத் தேர்வதிலும் இதே தந்திரம் உதவும். பியானோவும் மிருதங்கமும் தொட்டவுடன் வெடிக்கும் ஒலிகள், அவற்றில் 20 மில்லி விநாடி தாமதம் அப்பட்டமாகத் தெரியும். வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் மெல்ல எழுபவை, அவற்றில் தாமதம் கரைந்துவிடும். உங்கள் ஆசிரியர் தினப் பாட்டுக்கு வேண்டியது வயலினும் புல்லாங்குழலும்தான் என்பது நல்லதாகப் போயிற்று.

பதிவு செய்யும்போது மிடியை மட்டும் பதியாமல், கித்தாரின் அசல் ஒலியையும் இன்னொரு தடத்தில் சேர்த்தே பதியுங்கள். மிடியில் எங்காவது தவறு வந்தால் அசலைக் கேட்டுத் திருத்தலாம். மீண்டும் வாசிக்க வேண்டியதில்லை. இரண்டு தடங்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால், மிடிக் கோடுகள் அசல் ஒலியைவிடச் சற்று வலப்பக்கம் தள்ளி நிற்பது தெரியும். தடித்த தந்திச் சுரங்கள் அதிகம் தள்ளி, மெல்லிய தந்திச் சுரங்கள் குறைவாகத் தள்ளி இருக்கும். மேலே போட்ட கணக்கு அப்படியே திரையில் தெரிகிறது. மிடித் தடத்தைப் பிடித்து அந்த அளவு இடப்பக்கம் இழுத்துவிடுங்கள்.